பறக்கிறவன் முதுகில் பொன்னாடை

நான் மூன்றாம் வகுப்போடு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியை விட்டவன். எனக்குப் பிறகும் உட்கார்ந்து படித்தவர்கள் சிலர் இன்றைக்கு என்னிடம் வாடகைக்குக் கடை கேட்டு வருகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்வது வழக்கம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு பெஞ்சு, இவ்வளவோடு முடிவெட்டும் கடை போட்டவன் பிறகு ஈப்போ டவுனுக்குள்ளேயே கடை வாங்கினேன். யாரும் கை கொடுக்கவில்லை.

யாரும் என்றால் ஒருத்தரைத் தவிர. அவர் என் சம்சாரத்தின் அண்ணன், எனக்கு மச்சான். இங்கே எழுதப் போவது அவர் வீடு போன கதை. வீடு என்றால் சொந்த வீடு இல்லை. ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், கம்பெனி கொடுத்த வீடு. அவர் பிறந்தது அதில். அவர் பிள்ளைகள் பிறந்ததும் அதில். அதைச் சொல்வதற்கு முன்னால் வானத்தில் பறக்கிற ஆள்களின் காமிக் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பந்தம் இல்லாத மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

எங்கள் குடும்பத்தில் யாரும் முடிவெட்டும் தொழில் செய்ததில்லை. நானும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன்தான். பிடிக்காமல் டவுனுக்கு ஓடி, ஒரு முடிவெட்டும் கடையில் தரையைக் கூட்டிக் கூட்டியே தொழிலைக் கண்ணால் பிடித்தேன். தோட்டத்தில் சொந்தக்காரர்கள் காறித் துப்பினார்கள். "பால் வெட்டுற கையால மயிர் வெட்டப் போயிட்டான்" என்று பேச்சு. எனக்குப் பெண் கேட்டபோது பெண் வீட்டுச் சொந்தம் முழுக்க எழுந்து போகப் பார்த்தது. மச்சான் ஒருத்தர்தான் வாசலை மறித்து நின்றார். நல்ல உயரம், தோள் அகலம்.

"உங்க தலைக்கெல்லாம் யாரு வெட்டுறது? ஒருத்தனுக்கொருத்தன் கடிச்சு விட்டுக்கிறீங்களா? என் தங்கச்சிய நான் குடுக்கிறேன். சாப்பிடறவன் உக்காரு, போறவன் போ."

பாதிப்பேர் உட்கார்ந்தார்கள். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுவில் கடை போட்டேன். சனி, ஞாயிறு என்றால் கூட்டம். பெஞ்சில் காத்திருப்பவர்களில் ஒருத்தர் கையில் தமிழ்ப் பேப்பர் இருக்கும், மற்றவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், அப்புறம் அடுத்த கடைக்கு எழுந்து போய்விடுவார்கள். போகவிடக் கூடாது. பாசார் பக்கம் பழைய பேப்பர் எடுக்கிற சீன முதலாளியிடம், தவுக்கே என்போம், அவரிடம் கட்டுக் கட்டாக இங்கிலீஷ் காமிக் புத்தகங்கள் கிடந்தன. பணக்காரப் பிள்ளைகள் படித்துத் தூக்கிப் போட்டது. எடைக்கு வாங்கி வந்தேன். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். "உங்களுக்கே இங்கிலீஷ் தெரியாது, வர்றவனுக்கும் தெரியாது, எதுக்குண்ணே இது?" படம் இருக்கு, கதைக்கு நான் இருக்கேன் என்றேன். என்னைத் தவிர ஈப்போவில் வேறு எந்த முடிவெட்டுகிறவனுக்கும் அந்த யோசனை வரவில்லை.

முதலில் மாட்டினவன் ஒரு லோரி ஓட்டுகிறவன். புத்தகத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினான். பச்சை உடுப்பு போட்ட ஒருத்தன் கட்டடங்களுக்கு மேலே படுத்த வாக்கில் போகிறான். கழுத்தில் முடிச்சு, முதுகில் மஞ்சள் துணி.

"என்னாண்ணே, முடி வெட்டும்போது நீங்க போத்துற துணியோட எந்திரிச்சு ஓடிட்டானா?"

"இல்லலா. அது பொன்னாடை."

"பொன்னாடையா?"

"முன்ன இவனும் நம்மள மாதிரி தரையில நடந்தவன்தான். ஒரு நாள் கூட்டத்துல மேடைக்குக் கூப்பிட்டு இதைப் போத்தினாங்க. அன்னைக்குக் காலு தரையை விட்டுச்சு. இன்னும் எறங்கல."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஏன் சிரித்தது என்று நம் ஆள்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழாவோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, மேடை என்று ஒன்று போட்டால் ஒரு பெரிய மனிதருக்குப் பொன்னாடை விழும். விழுந்த பிறகு அவர் குரல் மாறிவிடும். நேற்றுவரை நம் சம்பளத்துக்காக மேசையைத் தட்டினவர், இன்று நம்மைப் பொறுமையாக இருக்கச் சொல்வார். இதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். நான் அதைப் படத்தில் காட்டினேன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எனக்கு ஓய்வில்லை. கத்தரி ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். ஒரு புத்தகத்தில் பேங்கில் திருடர்கள் புகுந்ததும் பச்சை உடுப்புக்காரன் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்குவான்.

"பேங்க்காரன் மணி அடிச்சா வந்துடறான். லயத்துல கூரை ஒழுகுதுன்னு நம்ம எத்தனை தடவை சொல்லியிருப்போம். வந்தானா?"

"அவனுக்குத் தமிழ் தெரியாதுலாண்ணே."

"தமிழ் தெரிஞ்சவன் மட்டும் வந்துட்டானா?"

இன்னொருத்தன் முகமூடி போட்டவன். அவன் ஏன் முகத்தை மூடுகிறான் என்று கேட்டால், "ரெண்டு குடும்பம், வேற எதுக்கு" என்பேன். மலை மாதிரி வளர்கிற ஒருத்தன் இருந்தான். ஓடுகிற ரயில் பாலத்திலிருந்து விழும், அவன் ஒற்றைக் கையால் தாங்குவான். "முந்தின பக்கத்தைத் திருப்பு. அந்தப் பாலத்தை மிதிச்சு ஒடைச்சது யாரு? இவன்தான். மிதிக்கிறதும் அவனே, தாங்குறதும் அவனே, மாலை மட்டும் அவனுக்கு."

எனக்குப் பிடித்தது வில்லன்தான். கண்ணாடி போட்ட வழுக்கைத் தலையன். எங்கள் தொழிலுக்குப் பிரயோசனம் இல்லாத தலை, அது ஒன்றுதான் குறை. ஆனால் அவன் நிலவறையில் உட்கார்ந்து சொந்தக் கையால் இயந்திரம் செய்கிறான். பறக்கிறவனுக்கு எல்லாம் பிறவியிலேயே கிடைத்தது. உழைத்து வந்தவன் யார்? கடைசிப் பக்கத்தில் அவனைத்தான் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு மச்சானின் தோட்டத்துக்குப் போவேன். அங்கே லயத்து முனையில் மரத்தடியில் நாற்காலி போட்டு எல்லாருக்கும் வெட்டுவது வழக்கம். காறித் துப்பினவர்களும் வரிசையில் நிற்பார்கள். மோட்டார் சைக்கிளில் காமிக் புத்தகங்களையும் கட்டிக்கொண்டு போவேன். என் கதைகளைக் கேட்பதற்காகவே முடி வளராதவர்களும் வந்து குந்துவார்கள். முதல் தலை மச்சானுடையது. அவருக்கு மட்டும் கதைகள் பிடிக்கவில்லை.

"ஏன் மாப்ள, ஒருத்தன்கூட நல்லவனா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம் மச்சான். இருந்தா யாரு கேப்பா?"

"படத்தைப் பாத்தா நல்லவனாத்தான் தெரியிறான். குழந்தையத் தூக்கிட்டுப் போறான் பாரு."

"எங்க தூக்கிட்டுப் போறான்னு அடுத்த பக்கத்துல இருக்கு. அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு."

மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் கழுத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுவார்.

எண்பதுகளில் தோட்டத்தை விற்றார்கள். வாங்கினவர்கள் மரங்களை அழித்துவிட்டு வீடு கட்டி விற்கப் போகிற கம்பெனி. வேலை போயிற்று, அது யாருக்கும் ஆச்சரியமில்லை. லயத்தையும் காலி பண்ண வேண்டும் என்று சொன்னபோதுதான் சனம் கோயிலுக்கு முன்னால் கூடியது. ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுத்துக் கையெழுத்து வாங்குவது கம்பெனியின் திட்டம். மச்சான் முடியாது என்றார். காசு கரைந்து போகும், வீட்டுக்கு வீடு கொடு, இந்த நிலத்திலேயே ஒரு மூலையில் சின்ன வீடுகளாகக் கட்டிக் கொடு என்பது அவர் பேச்சு. எல்லாரும் சேர்ந்து நின்றால் கிடைக்கும், ஒருத்தன் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டாலும் போச்சு. அதற்காக அம்மன் சன்னதியில் கற்பூரம் ஏற்றி, குடும்பத்துக்கு ஒருத்தர் அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அவரைத் தலைவர் ஆக்கினார்கள். வக்கீலைப் பார்க்கப் போனார், தைப்பிங்கில் தெரிந்த ஒரு பெரிய ஆளைப் பார்க்கப் போனார், அலைந்தார். கம்பெனி இறங்கி வருகிற மாதிரிகூட இருந்தது.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவரிடமும் சொன்னேன். "புந்தோங்குல வாடகைக்கு வீடு பாத்துத் தரேன் மச்சான், வந்துடுங்க." அவர், "என் ஒருத்தன் வீட்டுக்கா அலையறேன்?" என்றார். 

கம்பெனி ஒரு தமிழ் ஆளை அனுப்பியது. வெள்ளைச் சட்டை, பட்டை விபூதி, இனிப்பான பேச்சு. அந்த வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் புதுக் கூரைத் தகரம் கொடுத்தார். பகல் பூசை முடிந்து அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. நான் குடும்பத்தோடு பந்தியில் உட்கார்ந்திருந்தேன். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு வரிசையில் வந்தார். அந்த நேரம் பார்த்து அந்த ஆள் மைக்கைப் பிடித்தார்.

"இந்த மக்களுக்காக இரவு பகல் பாராமல் உழைக்கும் உங்கள் தலைவரை எங்கள் நிறுவனம் மதிக்கிறது. அவரைக் கௌரவிக்க ஆசைப்படுகிறோம்."

மச்சான் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று கரண்டியைக் காட்டினார். பூசாரியும் கோயில் கமிட்டியில் இருந்த வயசாளிகளும்தான் அவரைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"கோயில் மேடையில வேணாம்னு சொல்லக் கூடாதுலாப்பா. அம்மனுக்கு முன்னால அவமரியாதை."

"கையெல்லாம் சாம்பாருங்க."

"கையிலயா போத்தப் போறாங்க? குனி."

குனிந்தார். மஞ்சள் பொன்னாடை, சரிகைக் கரை. படம் எடுத்தார்கள். படம் எடுக்கும்போது அந்த ஆள் மச்சானின் தோளில் கைபோட்டுக்கொண்டார். அப்போது பந்தியின் கடைசியிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"பறங்கண்ணே!"

முதலில் ஒரே ஒரு சிரிப்பு. அப்புறம் பந்தி முழுக்க. எல்லாருக்கும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று தெரியும். மச்சானும் சிரித்தார். பொன்னாடை போட்டால் உடனே எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொள்வது முறை. அவர் கை இரண்டிலும் சாம்பார். துணி பாழாகிவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது, நல்ல துணி. அப்படியே விட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் பந்திக்கு வந்தார். முதுகில் பொன்னாடை, கையில் சாம்பார் வாளி. வரிசை வரிசையாகக் குனிந்து ஊற்றிக்கொண்டே போனார். ஒவ்வொருத்தரும் இலையைப் பார்த்தார்கள். என் இலைக்கும் வந்தது. என் சம்சாரம், "அண்ணே, அதைக் கழட்டுங்க" என்றாள். "பந்தி முடியட்டும்" என்றார்.

அந்தப் படத்தைக் கம்பெனி பெரிதாகப் போட்டுத் தோட்டத்துக்குள் போட்டிருந்த தன் கொட்டகை ஆபீசில் மாட்டியது. போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அந்த ஆள் எதுவும் சொல்லவில்லை. "உங்க தலைவர் ரொம்ப ஒத்துழைப்பு" என்று மட்டும் சொல்வாராம்.

அடுத்த தடவை நான் முடிவெட்டப் போனபோது காமிக் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவன் கேட்டது வேறு.

"அண்ணே, உங்க மச்சானுக்குக் கம்பெனி எந்த மூலையில வீடு குடுக்குது? கார்னரா?"

"தெரியாது. தலையைக் குனி."

"நீங்கதானே சொன்னீங்க, போத்தினா காலு தரையில நிக்காதுன்னு."

"காது வெட்டுப்படும். ஆடாதே."

'பறங்கண்ணே' என்று கத்தினவன்தான் முதலில் கையெழுத்துப் போட்டான். மச்சான் அவன் வீட்டு வாசலுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"கற்பூரம் அடிச்சியேடா."

"நீங்க பொன்னாடை வாங்கினீங்களேண்ணே."

"அவன் போத்தினான். நான் எங்கடா வாங்கினேன்?"

"கழட்டலியே. பந்தி முழுக்கச் சுத்துனீங்களே."

உள்ளேயிருந்து அவன் பெண்சாதி கோப்பி வேண்டுமா என்று கேட்டாள். மச்சான் வேண்டாம் என்றார். அடுத்த வீட்டுக்கு நடந்தோம். அங்கேயும் அதே பேச்சு, வார்த்தை மட்டும் வேறு. வயசான ஒருத்தர் மட்டும் அழுதார். அழுதுவிட்டு மறுநாள் அவரும் கையெழுத்துப் போட்டார். மழைக்காலம் முடிவதற்குள் லயம் காலியாகிவிட்டது. பூட்டின வீடுகளுக்கு நடுவில் மச்சான் வீட்டில் மட்டும் புகை வந்தது.

"உங்க வாயாலதான் எங்கண்ணன் குடி கெட்டுச்சு" என்றாள் என் சம்சாரம். நான் அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. கையெழுத்துப் போட நினைத்துவிட்டவனுக்கு ஒரு சாக்கு வேண்டும். பொன்னாடை இல்லாவிட்டால் வேறு ஏதாவது அகப்பட்டிருக்கும். சனத்தை எனக்குத் தெரியும், தினம் அவர்கள் பின்கழுத்தைப் பார்க்கிறவன். அவளிடம் சொன்னேன். பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஒரு வேலைநாளில் மச்சான் பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார். கடையில் யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துணியைப் போர்த்திச் சீப்பை எடுத்தேன்.

"மாப்ள, அந்தப் பச்சை உடுப்புக்காரன் புக்கு இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். துணிக்கடியிலிருந்து கையை வெளியே நீட்டி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இதுல நெசமா என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும் மச்சான்? இங்கிலீஷ்லா."

"இத்தனை வருஷமாச் சொன்னியே."

"படத்தைப் பாத்துச் சொன்னது."

"படத்தைப் பாத்து," என்றார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "ஆபீசுல மாட்டியிருக்கிற படத்தை நீயும் பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் எதாச்சும் வாங்கியிருப்பேன்னு நெனைக்கிறியா?"

பின்கழுத்துக்குச் சவரக்கத்தி வைத்திருந்தேன். இழுத்து முடித்தேன். பவுடர் போட்டேன். துணியை எடுத்து வாசலில் உதறினேன். உள்ளே வந்து, "இல்ல மச்சான், வாங்கல" என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் யோசிக்கணுமா மாப்ள?"

கையில் கத்தி இருந்தது, வேலையை முடித்துவிட்டுச் சொன்னேன். அதைச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அடுத்த ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். மச்சான் எழுந்து போனார்.

தண்ணீரை நிறுத்தினார்கள். லயத்தின் மறுகோடியிலிருந்து இயந்திரம் இடித்துக்கொண்டு வந்தது. அவரும் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களுக்குக் கிடைத்ததுதான் அவருக்கும் கிடைத்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைப் பார்த்த பிறகும் யாரும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. புந்தோங்கில் வீடு பார்க்கட்டுமா என்று திரும்பவும் கேட்டேன். தெலுக் இந்தான் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே வீடு தருகிறார்கள் என்றார். அதுவும் கம்பெனி வீடுதான். வாடிக்கைக்காரனின் லோரியை நான்தான் பேசி அனுப்பினேன். கட்டில், அலமாரி, கோழிக்கூண்டு எல்லாம் ஏறின. அவர் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். என் சம்சாரம் லோரியோடு கொஞ்ச தூரம் நடந்தாள்.

கடையில் டிவி வாங்கி வைத்தேன். காமிக் புத்தகங்களை எடைக்கே திரும்பப் போட்டேன். வியாபாரம் குறையவில்லை, கூடியது. அந்த நிலத்தில் கட்டின வீடுகளில் ஒன்றை நான் வாங்கினேன். கார்னர் வீடு. கோயில் இருந்த இடத்துக்குப் பக்கத்துத் தெரு. மூன்றாம் வகுப்புப் படித்தவன் வாங்கினான் என்று சொல்லிக்கொண்டேன். சம்சாரம் அந்த வீட்டில் ஒரு செடிகூட வைக்கவில்லை. முன்வாசலுக்குச் சிமெண்டு போட்டுவிட்டேன்.

மச்சான் மகளுக்குச் சடங்கு என்று ஒரு தடவை தெலுக் இந்தான் போனோம். கோபம் எதுவும் காட்டவில்லை. "வா மாப்ள" என்றுதான் கூப்பிட்டார். வெயிலில் கறுத்திருந்தார். சனங்களுக்கு அவரைத் தெரியாத ஊர், யாரும் எதுவும் கேட்பதில்லை என்றார் மச்சானின் சம்சாரம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவர் எனக்கு முன்வரிசையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பின்கழுத்து கோணலாக இருந்தது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, காதுக்குப் பின்னால் ஒரு கொத்து விட்டுப் போயிருந்தது. என் கத்தரிப் பெட்டி காரில் இருந்தது, எங்கே போனாலும் எடுத்துப் போவேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இலை போட்டார்கள், சாப்பிட்டோம், இருட்டுவதற்குள் கிளம்பினோம்.